ஐந்து மதிப்பெண் கேள்விக்குள் ஒளிந்திருந்தவர்

பிழைப்புக்காக எழுதிய பொய்களில் ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்குப் பள்ளி மாணவர்களுக்கான வழிகாட்டி நூல்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அட்டையில் பெயர் வராது. பணம் மட்டும், புத்தகம் விற்று முடிந்து, அவர்களுக்கு நல்ல மனம் வரும் நாளில் வரும்.

அந்த வருடம் ஆங்கிலப் பாடத்தில் ராபர்ட் ஃபிராஸ்டின் 'தி ரோடு நாட் டேக்கன்' இருந்தது. இலை பழுத்த காட்டில் பாதை இரண்டாகப் பிரியும். ஒருவன் நின்று யோசித்து ஒன்றில் போவான். 'இக்கவிதையின் வழி கவிஞர் உணர்த்தும் கருத்து யாது?' ஐந்து மதிப்பெண். நான் யோசிக்கவே இல்லை. 'பலரும் செல்லும் பாதையை விடுத்துத் துணிவுடன் தனிப்பாதையைத் தேர்ந்தெடுப்பவரே வாழ்வில் உயர்வர்' என்று எழுதி, கீழே நான்கு துணைக் கருத்துகளையும் சேர்த்து, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். எத்தனை ஆயிரம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்களோ.

கவிதையை ஒழுங்காகப் படித்தது பிற்பாடுதான். அதன் நடுவிலேயே அந்த மனிதன் உண்மையைச் சொல்லிவிடுகிறான்: இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன, அன்று காலை இரண்டிலும் ஒரே மாதிரி, யாரும் மிதிக்காத இலைகள் கிடந்தன. வெகு காலம் கழித்து, ஒரு பெருமூச்சோடு, 'ஆள் குறைவாகப் போன பாதையில் போனேன், அதனால்தான் எல்லாம் மாறியது' என்று சொல்லிக்கொள்வேன் என்கிறான். நாளைக்குச் சொல்லப்போகும் கதையை இன்றைக்கே ஒத்திகை பார்க்கிறான், அவ்வளவுதான். ஃபிராஸ்ட் இதை எழுதியது ஒரு நண்பரைக் கேலி செய்ய. இங்கிலாந்தில் இருவரும் சேர்ந்து நடக்கப் போவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும், மற்றப் பக்கம் போயிருந்தால் இன்னும் நல்ல காட்சியைக் காட்டியிருக்கலாமே என்று அந்த நண்பர் வருந்திக்கொண்டே வருவாராம்.

1915இல் ஃபிராஸ்ட் கவிதையை அனுப்பிவைத்தபோது, கேலிக்கு ஆளானவருக்கே அது கேலி என்று பிடிபடவில்லை. எப்படிச் சிரிக்க வேண்டும் என்று நீங்களே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் ஒழிய இதிலுள்ள வேடிக்கை யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற பொருளில் பதில் எழுதினார். அவர் சொன்னதற்கு நானே சாட்சி. அடுத்த பதிப்பில் விடையைத் திருத்தலாமா என்று கேட்டேன். 'திருத்துகிற ஆசிரியர்களுக்கும் இந்த விடைதானே தெரியும், பையன்களுக்கு மதிப்பெண் போய்விடுமே' என்றார்கள். நியாயம்தான்.

அந்த நண்பரின் பெயர் எட்வர்ட் தாமஸ். வழிகாட்டி நூல் எனக்குச் செய்த ஒரே நன்மை, அவரிடம் கொண்டுபோய் விட்டது.

1878இல் லண்டனின் லாம்பெத்தில், வெல்ஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே ஹெலன் நோபிளை மணந்துகொண்டார். குழந்தைகள் மூன்று. வருமானம் எழுத்தில் இருந்து மட்டும். செய்தித்தாள்களுக்கு மதிப்புரை, பதிப்பாளர் கேட்ட தலைப்பில் புத்தகம்: ஆக்ஸ்போர்டைப் பற்றி, வேல்ஸைப் பற்றி, பழைய சாலைகளைப் பற்றி, தென் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தைப் பற்றி. மார்ல்பரோ பிரபுவின் வாழ்க்கை வரலாறுகூட ஒன்று உண்டு. அதை அவர் விரும்பி எழுதினார் என்று யாராலும் சாதிக்க முடியாது. வார்த்தைக் கணக்கில் ஓடிய வண்டி. இடையிடையே கடுமையான மனச்சோர்வு. வீட்டில் இருப்பவர்கள்மீது எரிந்துவிழுவார், பிறகு அதற்காகத் தன்னையே வெறுத்துக்கொள்வார். மற்றவர்களின் கவிதைகளை இங்கிலாந்திலேயே மிகக் கூர்மையாக மதிப்பிட்டவர்களில் ஒருவர் அவர். தாமோ முப்பத்தாறு வயது வரை குறிப்பிடும்படி ஒரு கவிதை எழுதவில்லை.

கூலிக்கு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, எனக்கும் இருக்கிறது: கண்ணில் பட்டதையெல்லாம் பிற்பாடு உதவும் என்று குறித்துவைத்துக்கொள்வது. தாமஸின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருந்தது. எந்தப் பறவை, எந்தப் பூ, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில் போகும். 1914 ஜூன் 24 அன்று அவரும் ஹெலனும் லண்டனில் இருந்து ரயிலில் மேற்கே போனார்கள். குளோஸ்டர்ஷயரில் ஃபிராஸ்ட் தங்கியிருந்த பக்கம்தான் பயணம். வழியில் அடில்ஸ்ட்ராப் என்ற சிற்றூரில் ரயில் நின்றது. குறிப்பேட்டில் எழுதினார்: வில்லோ மரங்களுக்கு ஊடே கரும்பறவைகளின் பாட்டு சங்கிலியாகக் கேட்டது, நேரம் 12.45, ஒரு மனிதரும் கண்ணில் படவில்லை, இன்ஜின் நீராவியை விடும் சீறல் மட்டும். சற்றுத் தள்ளி கேம்ப்டன் அருகே ரயில் மறுபடி நின்றபோது, நீண்ட புல்லையும் காட்டுப்பூக்களையும் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவிலான அபாரமான அமைதியையும் குறித்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகஸ்டில் இங்கிலாந்து போரில் இறங்கியது. அந்தக் கோடையில் தாமஸ் குடும்பமும் ஃபிராஸ்ட் குடும்பமும் டைமக் கிராமத்தை ஒட்டி இரண்டு வயல் தள்ளித் தள்ளி வீடெடுத்துத் தங்கியிருந்தன. நடந்தார்கள், பேசினார்கள். ஃபிராஸ்ட் சொன்ன யோசனை எளியது. உன் உரைநடைப் புத்தகத்தை எடு, அதில் இந்த இந்தப் பத்திகளை அதே பேச்சுநடை குலையாமல் வரிகளாக எழுது. நீ எழுதிக்கொண்டிருப்பதே கவிதைதான். போர் வந்ததும் மதிப்புரை வேலைகள் வற்றிவிட்டன. அதுவும் ஒரு காரணம். டிசம்பர் 3ஆம் தேதி முதல் கவிதை வந்தது. பிறகு அணை உடைந்தது போல. இரண்டு வருடம் சொச்சத்தில் நூற்று நாற்பதுக்கு மேல்.

ஜனவரியில் கணுக்கால் பிசகி, வீட்டோடு கிடந்த நாட்களில், ஆறு மாதப் பழைய ரயில் குறிப்பைக் கவிதையாக்கினார். பதினாறே வரி. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முதல் சொல்லே ஆளை நிறுத்துகிறது. 'ஆமாம்.' பிறகு முற்றுப்புள்ளி. யாரும் எதையும் கேட்கவில்லை. கேள்வி கவிதைக்கு வெளியே எங்கோ இருக்கிறது. 'ஆமாம். அடில்ஸ்ட்ராப் நினைவிருக்கிறது, அந்தப் பெயர்.' ஆங்கிலத்தில் 'நான்' நினைக்க வேண்டும். தமிழில் 'எனக்கு' நினைவு இருக்கிறது; நாம் ஒன்றும் செய்வதில்லை, அது நம்மிடம் வந்து இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் மட்டும் மூலத்தைவிடத் தமிழ் அந்தக் கவிதைக்கு நெருக்கமாகிவிடுகிறதோ என்று எனக்கு ஒரு மயக்கம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இப்படிச் சில மயக்கங்கள் இல்லாவிட்டால் வேலை ஓடாது.

வெயில் நேரம். விரைவு ரயில் வழக்கமில்லாமல் அங்கே நின்றது. நீராவி சீறியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெறிச்சென்ற நடைமேடையில் எவரும் இறங்கவில்லை, எவரும் ஏறவில்லை. கண்ணில் பட்டது ஊர்ப்பெயர் மட்டும். அப்புறம் வில்லோ மரங்கள், புல், காய்ந்த வைக்கோல் குவியல்கள். அந்த ஒரு நிமிடம் பக்கத்தில் ஒரு பறவை பாடியது. அதைச் சுற்றி, மங்கலாக, மேலும் மேலும் தொலைவில், ஆக்ஸ்போர்டுஷயர், குளோஸ்டர்ஷயர் பறவைகள் அத்தனையும்.

இவ்வளவுதான். அந்தச் செருமலை நான் மிகவும் மதிக்கிறேன். பதினாறு வரியில் மனித நடமாட்டம் என்று இருப்பது அது ஒன்றுதான். 'பிளாக்பேர்ட்' என்ற பாட்டுப் பறவையைக் 'கரும்பறவை' என்று நான் எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர், காக்கை என்றே நினைத்துக்கொண்டார். இங்கிலாந்தின் வயற்காட்டில் காக்கைகள் கூட்டமாகக் கத்துவதில் என்ன அழகு என்று கேட்டார். 'பாடும் கரும்பறவை' என்று மாற்றினேன். கெட்டுப்போயிற்று. கடைசி இரண்டு மாவட்டப் பெயர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் அவை மென்மையாக இழுபட்டு, முன்னே போன 'மங்கலாக' என்ற சொல்லோடு இயைந்து அடங்கும். தமிழ் எழுத்தில் தாலுகா ஆபீஸ் அறிவிப்பு போல நிற்கின்றன.

போர் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மொழிபெயர்ப்பை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பியபோது அதன் ஆசிரியரும் கேட்டார். அவர்கள் போர்க் கவிதைச் சிறப்பிதழ் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். தாமஸைப் போர்க் கவிஞர் என்றுதான் எல்லாரும் வகைப்படுத்துகிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முதல் உலகப் போர்க் கவிஞர்கள் பதினாறு பேருக்கு 1985இல் பதித்த நினைவுக்கல்லிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அவருடைய கவிதைகள் எல்லாம் இங்கிலாந்தில் எழுதியவை. பிரான்ஸுக்குப் போன பிறகு கையில் இருந்தது நாட்குறிப்பு மட்டும். அதன் கடைசிப் பக்கத்தில் உதிரியாக மூன்று வரிகள், அவ்வளவே. பதுங்குகுழி, விஷவாயு, சேறு எதுவும் அவர் கவிதையில் கிடையாது. அவரிடம் போர் என்பது, இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லாமல் இருப்பது.

1915 ஈஸ்டருக்கு எழுதிய நான்கு வரிகளைப் பாருங்கள். காட்டில் அந்தி நேரத்தில் பூக்கள் பறிபடாமல் மண்டிக் கிடக்கின்றன. ஊரைவிட்டு எங்கோ போய்விட்ட ஆண்களை அவை நினைவூட்டுகின்றன. தங்கள் காதலிகளோடு வந்து அவர்கள்தான் பறித்திருக்க வேண்டும். இனி ஒருபோதும் பறிக்கமாட்டார்கள். முழுக் கவிதையும் ஒரே வாக்கியம். 'பறித்திருக்க வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் அவர் இரண்டாக உடைத்து, பாதியை ஒரு வரியின் ஓரத்திலும் மீதியை அடுத்த வரியின் தொடக்கத்திலும் வைக்கிறார். கண் அந்த ஓரத்தில் ஒரு கணம் தொங்குகிறது. தமிழில் அந்தத் தொங்கல் எனக்குக் கைகூடவில்லை. ஆனால் எதிர்மறையில் முடிவது நம் வினைச்சொல்லுக்கு இயல்பு. 'மாட்டார்கள்' என்று வாக்கியம் இறுகிச் சாத்திக்கொள்ளும்போது, அவர் விரும்பியது பாதியாவது வந்துவிடுகிறது.

இன்னொரு கவிதையில் புயலில் சாய்ந்த எல்ம் மரத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்து, வயலை உழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குதிரைகள் பூட்டிய ஏர். நெற்றிப் பித்தளை மின்ன அவை திரும்பி வரும். ஏர் அருகே வந்து நிற்கும் ஒரு நிமிடம் பேச்சு. பிறகு சால் போய்த் திரும்பப் பத்து நிமிடம். மீண்டும் ஒரு நிமிடம். கவிதையின் வரிகளும் அந்த நடையிலேயே போகின்றன. மரத்தை எப்போது எடுப்பார்கள்? போர் முடிந்தால்தான். நீங்கள் போருக்குப் போனீர்களா என்று உழவன் கேட்கிறான். இல்லை. போக விருப்பம் இல்லையோ? திரும்பி வர முடியும் என்றால் போகலாம். ஒரு கை போனால் பரவாயில்லை, கால் போவதில் இஷ்டமில்லை, தலை போனால் அப்புறம் எதுவுமே வேண்டியிருக்காது. பிறகு உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார்: இங்கிருந்து நிறையப் பேர் போனார்களா? ஆமாம். நிறையப் பேர் போய்ச் சேர்ந்தார்களா? ஆமாம், கணிசமாக. இந்த வருடம் இந்தப் பண்ணையில் இரண்டு ஏர்தான்.

'இரண்டு ஏர்தான்.' இந்த வரிக்கு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நம் ஊர்ச் சம்சாரியின் வாயில் இருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். உழவனின் கூட்டாளி பிரான்ஸுக்குப் போன இரண்டாம் நாளே செத்துவிட்டான். அவன் இருந்திருந்தால் இருவருமாக மரத்தை அப்புறப்படுத்தியிருப்பார்கள். அப்படியென்றால் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்கிறார் மரத்தின் மேல் இருப்பவர். ஓர் ஆள் இல்லை, அதனால் ஒரு மரம் கிடக்கிறது, அதனால் ஒருவருக்கு உட்கார இடம் இருக்கிறது. போரைப் பற்றி நான் படித்தவற்றில் இந்தக் கணக்கைப் போல என்னை உலுக்கியது குறைவு. எழுதியது 1916 மே மாதம். கவிதையின் முடிவில், மண்கட்டிகள் பொடிந்து புரள்வதைக் 'கடைசி முறையாக' பார்த்தேன் என்கிறார். அன்றைய உழவுக்கு அது கடைசிச் சால் என்றும் கொள்ளலாம். பயிற்சி முகாமில் சீருடை அணிந்துகொண்டிருந்தவர் எழுதியது என்றும் கொள்ளலாம்.

சீருடைக்கு ஏன் போனார் என்பதற்கு ஃபிராஸ்டின் கவிதைதான் காரணம் என்று சொல்லும் ஒரு கட்சி இருக்கிறது. கோழை என்று கேலி செய்வதாக எடுத்துக்கொண்டு ரோஷத்தில் பட்டாளத்தில் சேர்ந்தாராம். சுவையான கதை, எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவுக்கு வந்துவிடு என்று ஃபிராஸ்ட் அழைத்திருந்தார். 1915 பிப்ரவரியில் தாமஸின் மகன் மெர்ஃபினைத் தம்மோடு கப்பலில் அழைத்தும் போயிருந்தார். மனம் பல மாதங்கள் இரண்டு பக்கமும் ஊசலாடிய பிறகுதான், ஜூலையில், முப்பத்தேழு வயதில் அவர் சேர்ந்தார். கட்டாய ஆள்சேர்ப்பு அப்போது வந்திருக்கவில்லை. எதற்காகப் போரிடுகிறீர்கள் என்று அவருடைய தோழியான எழுத்தாளர் எலினார் ஃபார்ஜன் கேட்டபோது, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, 'சொல்லப்போனால், இதற்காக' என்றாராம். செய்தித்தாள்களை மகிழ்விக்க ஜெர்மானியரை வெறுக்கவும் மாட்டேன், ஆங்கிலேயரிடம் காதல் பொங்கவும் மாட்டேன் என்று கவிதையில் எழுதியவரும் அவர்தான். எஸெக்ஸ் முகாமில் வரைபடம் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. அங்கேயே இருந்திருக்கலாம். பீரங்கிப் படைக்கு மாறி, பிரான்ஸுக்கு அனுப்பும்படி தாமே எழுதிக் கொடுத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த கவிதை, இவை எதுவும் இல்லை. 'ஓல்டு மேன்', கிழவன். அது ஒரு செடியின் பெயர். அதற்கே இன்னொரு பெயர், 'பையனின் காதல்'. வாசலருகே சாம்பல் பச்சையாக ஒரு புதர். தாண்டிப் போகும்போதெல்லாம் சிறு மகள் ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் கசக்குவாள். அவரும் கசக்கி முகர்ந்து பார்க்கிறார். அந்த மணம் எதை நினைவூட்டுகிறது என்று யோசிக்கிறார், யோசிக்கிறார், ஒன்றும் வரவில்லை. சாவியை எங்கோ வைத்துவிட்டேன் என்கிறார். தோட்டம் இல்லை, பாதை இல்லை, அம்மா இல்லை, அப்பா இல்லை, கூட விளையாடியவர்கள் இல்லை. பெயரற்ற, முடிவற்ற, இருண்ட ஒரு சாலை மட்டும். அடில்ஸ்ட்ராப்பில் பெயர் ஒன்றே மிஞ்சியது. இங்கே அதுவும் இல்லை. இரண்டுக்கும் இடையே ஒரே மாதம்.

அந்தச் செடியைத் தேடிப் போனபோது ஒன்று தெரிந்தது. நம் ஊரில் தலையில் வைத்துக்கொள்ளும் மரிக்கொழுந்தும் அதுவும் ஒரே பேரினம், ஆர்ட்டிமீசியா. மதுரைப் பூக்கடைகளில் மல்லிகைச் சரத்துக்கு நடுநடுவே வைத்துக் கட்டுவார்களே, அந்த மணம்தான். இந்த விவரம் தெரிந்த அன்றே ஒரு கட்டு வாங்கிவந்து, மேசைமேல் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். சித்தி வீட்டுக் கல்யாணம், கொட்டகை, பித்தளைத் தாம்பாளம் என்று எனக்கு எல்லாமே வந்தன. கதவு அகலத் திறந்துகொண்டது. ஒன்றும் வராத அவருடைய நிலைக்கு என்னால் போகவே முடியவில்லை. மொழிபெயர்ப்பு படுதோல்வி. அறை மட்டும் இரண்டு நாள் மணத்தது.

1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள், பிரான்ஸில் அராஸ் சண்டையின் முதல் நாள். முந்தின நாள் அவர் நின்ற இடத்தில் இருந்து இரண்டு கஜத்தில் ஒரு குண்டு விழுந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மறுநாள் அதிகாலை, எதிரியைக் கவனித்துப் பீரங்கிகளுக்குக் குறிசொல்லும் நிலையில் இருந்தபோது இறந்தார். வயது முப்பத்தொன்பது. குண்டு அருகே பறந்த அதிர்ச்சியில் இதயம் நின்றுவிட்டது, உடம்பில் ஒரு காயமும் இல்லை என்றே பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். மார்பைத் துளைத்துக்கொண்டு போயிற்று என்று அவருடைய படைத் தலைவர் எழுதிய கடிதம் வெகு காலம் கழித்து ஆவணங்களுக்குள் இருந்து வெளியே வந்தது. மனைவிக்கு ஆறுதலாகச் சொன்ன பொய், வாழ்க்கை வரலாறுகளில் உண்மையாகிவிட்டிருந்தது. மடிப்பு மடிப்பாகச் சுருங்கிய அந்த நாட்குறிப்பு மிஞ்சியது. 'அடில்ஸ்ட்ராப்' அச்சில் வந்தது அவர் இறந்து மூன்று வாரம்கூட ஆகாத ஏப்ரல் 28ஆம் தேதி, 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில். சொந்தப் பெயரில் தம் கவிதை நூலை அவர் பார்க்கவே இல்லை. உயிரோடு இருந்தவரை 'எட்வர்ட் ஈஸ்டவே' என்ற புனைபெயர்தான். ரயில் நிலையம் 1966இல் மூடப்பட்டது. பெயர்ப்பலகையை எடுத்துவந்து ஊரின் பஸ் நிறுத்தத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

ஹெலன் பின்னாளில் தங்கள் வாழ்க்கையை எழுதினார். அதில் கடைசியாகப் பிரிந்த காட்சி வருகிறது. 1917 ஜனவரி, வீட்டைச் சுற்றிப் பனி, கனத்த மூடுபனி. விடைபெற்றுக்கொண்டு அவர் குன்றிறங்கிப் போனார். உருவம் சீக்கிரமே மறைந்துவிட்டது. பழைய வழக்கப்படி 'கூ...ஈ' என்று குரல் கொடுத்தார். ஹெலனும் 'கூ...ஈ' என்றார். மலங்காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் இப்படித்தான். 'கூப்பிடு தூரம்' என்று நாம் ஓர் அளவே வைத்திருக்கிறோம். அவர் மறுபடி கூவினார், சற்றுத் தேய்ந்து. ஹெலன் பதில் கொடுத்தார். பிறகும் ஒருமுறை வந்தது, இன்னும் கீழிருந்து. ஹெலன் பதில் கூவிவிட்டு, பனிக்குள் காது கொடுத்து நின்றார்.